அனகினுக்கு மணல் பிடிக்காதது சரிதான்

ஸ்டார் வார்ஸ் வரிசையில் 1999, 2002, 2005 ஆம் ஆண்டுகளில் வந்த மூன்று முன்கதைப் படங்களைப் பற்றிக் கதை எழுந்தால், பகிடிகளும் கூடவே வரிசையாக வந்துவிடும். விண்வெளிப் படம் என்று நம்பிப் போனால் வணிகப் பாதைக்கு வரி போடுவதைப் பற்றிப் பாடம் எடுக்கிறார்கள் என்பார்கள். செனட்டில் கூட்டம் முடிவதே இல்லை, நீளக் காது வைத்த ஜார் ஜார் பிங்ஸ் உயிரை எடுக்கிறான், பின்னால் டார்த் வேடர் என்ற கறுப்பு உடை வில்லனாகப் போகிற அனகின், காதல் காட்சியில் போய் மணலைப் பற்றிக் கதைக்கிறான். என் மகனும் அவன் கூட்டாளிகளும் இந்த மணல் காட்சியை வெட்டி ஒட்டி ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். இவை ஒவ்வொன்றுக்காகவும் நான் வக்காலத்து வாங்கப் போகிறேன். சனம் சிரிக்கிற இந்த இடங்களில்தான் அந்தப் படங்களின் முதுகெலும்பு இருக்கிறது என்பது என் எண்ணம்.

முதலில் வரி. 'த ஃபான்டம் மெனஸ்' 1999 மே மாதம் திரைக்கு வந்தபோது கனடாவின் ஸ்காபரோவில் ஒரு தியேட்டரில் பார்த்தேன். எழுத்துகள் மஞ்சளாக மேலேறிப் போகத் தொடங்கியதும் பக்கத்து வரிசையில் யாரோ கொட்டாவி விட்டார்கள். வெளிக்கோள்களுக்குப் போகிற வணிகப் பாதைகளுக்கு வரி விதிப்பது பற்றித் தகராறு, பேராசை பிடித்த வணிகக் கூட்டமைப்பு போர்க்கப்பல்களை நிறுத்தி நபூ என்ற சிறிய கோளுக்கு எந்தப் பொருளும் போகாமல் மறித்து வைத்திருக்கிறது, குடியரசின் சபை முடிவில்லாமல் விவாதித்துக்கொண்டிருக்கிறது. இவ்வளவுதான் அந்த எழுத்துகளின் சாரம். நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

1990 யூனில் மறுபடி சண்டை தொடங்கியபிறகு யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்குப் பொருளாதாரத் தடை என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. மின்சாரம் இல்லை. பெற்றோல், பற்றரி, சீமெந்து, உரம் எதுவும் வராது. மண்ணெண்ணெய் நெருப்பு விலை. வீட்டில் ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, அது நனையுமளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, கம்பியில் கோர்த்த திரியை அதில் நிறுத்திக் கொளுத்தினால் சுடர் போத்தலுக்குள்ளேயே நிற்கும், காற்றுக்கு அணையாது. எண்ணெயும் இரவு முழுக்கத் தாக்குப்பிடிக்கும். பின்னேரத்தில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, யாராவது பெடலைக் கையால் சுற்ற, டைனமோவிலிருந்து வயர் இழுத்துத்தான் ரேடியோவில் பிபிசி தமிழோசை கேட்டோம். சுற்றுகிறவன் கை ஓய்ந்தால் செய்தியும் ஓய்ந்துவிடும்.

ஆகவே ஒரு போர் வரியிலும் தடையிலும் தொடங்குகிறது என்று ஒரு படம் சொன்னபோது எனக்கு அது அலுப்பாக இருக்கவில்லை. கெட்டவன் டார்த் வேடர் கறுப்பு உடையோடு கதவை உடைத்துக்கொண்டு வருவதுதான் 1977 இல் வந்த முதல் படத்தின் தொடக்கம். அருமையான தொடக்கம், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கறுப்பு உடைக்காரன் எங்கிருந்து வந்தான் என்று சொல்ல வந்த படம் இன்னொரு கறுப்பு உடைக்காரனிடமிருந்து தொடங்க முடியாது. சுங்கவரி, கப்பல், ஒப்பந்தம், கையெழுத்து என்றுதான் தொடங்க வேண்டும். நபூவைப் பிடித்த வணிகக் கூட்டமைப்பு முதலில் கேட்பதும் கையெழுத்தைத்தான். தாங்கள் படையோடு வந்தது சட்டப்படி சரி என்று ஓர் ஒப்பந்தத்தில் அரசி ஒப்பமிட வேண்டும். பிடித்தவனுக்குக் காகிதம் தேவைப்படுகிறது என்பதை எத்தனை விண்வெளிப் படங்கள் கவனித்திருக்கின்றன?

அடுத்தது செனட். எல்லோரும் நித்திரை கொள்கிற காட்சி என்பார்கள். ஒருதரம் வடிவாகப் பாருங்கள். தப்பி வந்த அரசி அமிடாலா அத்தனை கோள்களின் பிரதிநிதிகள் முன்னால் எழுந்து நின்று, எங்கள் சனம் செத்துக்கொண்டிருக்கிறது என்று முறையிடுகிறாள். வணிகக் கூட்டமைப்பின் ஆள் உடனே எழுகிறான். ஆதாரம் இல்லை, உண்மையைக் கண்டறிய ஓர் ஆணைக்குழுவை அனுப்ப வேண்டும் என்கிறான். இன்னொரு கோளின் ஆள் எழுந்து அதை வழிமொழிகிறான். தலைவர் வலோரம் நல்ல மனிதர்தான், ஆனால் அதிகாரிகள் அவர் காதில் ஏதோ சொல்கிறார்கள், அவர் திரும்பி அரசியிடம், ஆணைக்குழு வரும்வரை உங்கள் கோரிக்கையைத் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்கிறார். எரிகிற வீட்டுக்காரியிடம் கேட்கிற கேள்வி! எங்கள் நாட்டில் எத்தனை ஆணைக்குழுக்கள் அமர்ந்து எழுந்தன, எத்தனை அறிக்கைகள் அலுமாரிக்குள் போயின என்பதை அறிந்த யாராலும் அந்தக் காட்சியில் கண்ணயர முடியாது.

அரசியின் காதுக்குப் பக்கத்தில் இருந்து, இந்தத் தலைவர் பலவீனமானவர், நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டு வாருங்கள் என்று மெல்ல ஓதுகிறவர் நபூவின் செனட்டர் பால்பட்டீன். அவள் கொண்டுவருகிறாள். அவர் தலைவராகிறார். நபூவுக்கு இந்த இடரைக் கொண்டுவந்தவரும் அவரேதான். சனத்தின் துயரத்தையே ஏணியாக்கி ஒருவன் மேலே ஏறுவதை, ஒரு துப்பாக்கிகூட வெடிக்காமல், நாற்காலிகளையும் ஒலிவாங்கிகளையும் வைத்து இயக்குநர் ஜோர்ஜ் லூகஸ் காட்டிவிட்டார். அந்தப் படத்தில் ஒளிவாள் சண்டையை விட எனக்கு இதுதான் பயம் தந்தது.

ஜார் ஜாருக்கு வருகிறேன். அவன் பேச்சும் நடையும் கரிபியன் மக்களைக் கேலி செய்வது போல இருக்கிறது என்று அப்போதே பலர் எழுதினார்கள். அந்த விமர்சனத்தைத் தள்ளிவிட முடியாது, அப்படிப் புண்பட்டவர்களோடு நான் வாதாடப் போவதில்லை. அவன் சாணத்தில் மிதிக்கிற பகிடிகளுக்காகவும் பேச மாட்டேன். ஆனால் கதையில் அவன் செய்கிற இரண்டு காரியங்களை யாரும் பேசுவதில்லை.

நபூவில் இரண்டு இனங்கள். மாளிகைகளில் வாழ்கிற மனிதர்கள், தண்ணீருக்குள் நகரம் கட்டி வாழ்கிற கங்கன்கள். ஒருவரையொருவர் பார்ப்பதே இல்லை, பார்த்தால் இளக்காரம். செனட்டில் தோற்று வந்த அரசி குடியரசின் தலைநகரான கொரசாண்டில் ஜன்னலருகே நிற்கிறாள். பெரிய மனிதர்கள் யாரும் அவளுக்கு உதவவில்லை. அங்கே ஜார் ஜார்தான் சொல்கிறான், எங்களிடம் பெரிய படை இருக்கிறது, அதனால்தான் உங்களுக்கு எங்களைப் பிடிக்காதோ என்று. அவள் திரும்பிப் போய்க் கங்கன் தலைவன் முன்னால் முழந்தாளிடுகிறாள். அரசி, தன் சனம் மதிக்காத சனத்தின் முன்னால், எல்லோரும் பார்க்க. அந்தக் கோள் தப்பியது அந்த முழந்தாளால்தான். அதற்கு வழி காட்டியவன் எல்லோரும் கோமாளி என்று ஒதுக்கியவன்.

இரண்டாவது காரியம் 'அட்டாக் ஆஃப் த க்ளோன்ஸ்' படத்தில். அரசி அமிடாலாவின் சொந்தப் பெயர் பத்மே, இப்போது அவள் செனட்டர். அவள் ஒளிந்திருக்க, அவளுக்குப் பதிலாக ஜார் ஜார் செனட்டில் இருக்கிறான். பால்பட்டீனின் அறையில் ஆட்கள் கூடி, அவசரகால அதிகாரத்தைத் தலைவருக்குக் கொடுக்கத் துணிச்சலுள்ள ஒருவர் முன்மொழிய வேண்டுமே, பத்மே இங்கே இருந்தால் நல்லதே என்று அவன் காதில் விழும்படி பெருமூச்சு விடுகிறார்கள். அவன் எழுந்துபோய் முன்மொழிகிறான். சபை கைதட்டுகிறது. பால்பட்டீன் மனமில்லாதவர் போல ஏற்றுக்கொண்டு, நெருக்கடி தீர்ந்ததும் திருப்பித் தந்துவிடுவேன் என்கிறார். அந்த அதிகாரத்தால் செய்கிற முதல் வேலை, ஒரு பெரிய இராணுவத்தை அமைப்பது.

இலங்கையில் 1983 இலிருந்து 2011 ஆகஸ்ட் வரை, இடையில் சில காலம் தவிர, அவசரகாலச் சட்டம் இருந்தது. அது இருந்தபோதெல்லாம் பாராளுமன்றம் மாதாமாதம் கூடி வாக்கெடுத்து நீடித்தது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தை 1979 இல் தற்காலிக ஏற்பாடு என்றுதான் கொண்டுவந்தார்கள், 1982 இல் நிரந்தரமாக்கினார்கள். கையுயர்த்தியவர்கள் எல்லோரும் கொடியவர்களா? நாட்டுக்கு நல்லது செய்கிறோம் என்று நினைத்தவர்களும் அதில் இருந்திருப்பார்கள். அப்படியான ஒரு நல்ல மனதைத்தான் பால்பட்டீன் பயன்படுத்துகிறார். ஜார் ஜார் கெட்டவனாக இருந்திருந்தால் அந்தக் காட்சிக்கு இந்த வலி இருந்திராது.

இந்தப் பாத்திரத்தை நடித்த அஹ்மத் பெஸ்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். உண்மையான நடிகர்களுக்கு நடுவே முழுக் கணினி உருவமாக ஒரு முக்கியப் பாத்திரம் நடமாடியது அப்போது புதிது. அதற்காகக் காட்சிக்குக் காட்சி நடித்தவர் அவர். அவர் மேல் கொட்டப்பட்ட வெறுப்பு அவரை உயிரை விட நினைக்கும் இடம் வரை கொண்டுபோனது என்று 2018 இல் அவரே எழுதினார். ஒரு பாத்திரம் பிடிக்கவில்லை என்பதற்காக ஒரு மனிதனை அந்த இடத்துக்குத் தள்ளலாமா? 2023 இல் 'த மண்டலோரியன்' தொடரில் அவர் ஒரு ஜெடாய் வீரராக வந்து, இரண்டு கைகளிலும் ஒளிவாளோடு குழந்தை க்ரோகுவைக் காப்பாற்றிக் கொண்டுபோனபோது நான் சோபாவிலிருந்து எழுந்து கைதட்டினேன்.

இனி மணல். போன கிழமையும் மகன் அந்தக் காட்சியைக் கைபேசியில் காட்டிச் சிரித்தான்.

“அம்மா, லவ் பண்ணேக்க ஆராவது மண்ணைப் பற்றிக் கதைப்பாங்களா? உங்களுக்குச் சிரிப்பு வரேல்லையா?”

“அவன் எங்க வளந்தவன் எண்டு முதல் படத்தில பாத்தனியெல்லே?”

“பாலைவனத்தில.”

“பாலைவனத்தில அடிமையா.”

அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, “சரி, அதுக்காக டயலொக் நல்லதாகுமோ?” என்றான். இந்தப் பதிவு அவனுக்கான பதிலும்தான்.

காட்சியை முழுதாகப் பார்க்க வேண்டும். மீம்களில் பத்மே பேசுவதை வெட்டிவிடுகிறார்கள். நபூவின் ஏரிக்கரை மாளிகை, இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில் உள்ள ஒரு பழைய மாளிகையில் படமாக்கியது. மாடத்தில் நின்று அவள் தன் பள்ளிக்காலத்தைச் சொல்கிறாள். விடுமுறைக்கு இங்கே வருவோம், அந்தத் தீவு வரைக்கும் நீந்துவோம், பிறகு மணலில் படுத்து வெயிலில் காய்ந்துகொண்டே பாடுகிற பறவைகளின் பெயரைக் கண்டுபிடிக்கப் பார்ப்போம் என்கிறாள். அவளுக்கு மணல் என்றால் அதுதான், நீந்திக் களைத்துப் படுக்கிற இடம். அவன் உடனே சொல்கிறான், எனக்கு மணல் பிடிக்காது, சொரசொரப்பானது, எரிச்சலூட்டும், எல்லா இடத்துக்குள்ளும் போய்விடும், இங்கே அப்படி இல்லை, எல்லாமே மென்மையாக இருக்கிறது என்று.

டாட்டூயின் என்ற அந்தப் பாலைவனக் கோளில் வாட்டோவின் பழைய சாமான் கடையில் வேலை செய்தவன் அவன். அவன் உடம்புக்குள்ளும் தாய் ஷ்மியின் உடம்புக்குள்ளும், தப்பி ஓடினால் வெடிக்கிற கருவி புதைத்திருந்தது. ஒன்பது வயதில் அங்கிருந்து போய், காதலிக்கக் கூடாது, யார் மேலும் பற்று வைக்கக் கூடாது என்று கற்பிக்கிற ஜெடாய் ஆலயத்தில் வளர்ந்தான். பத்து வருடங்களுக்குப் பிறகு, அரசியாக இருந்த ஒரு பெண் தன் பால்யத்தின் மிக இனிமையான நினைவை அவனிடம் சொல்கிறாள். திருப்பிச் சொல்ல அவனிடம் அதற்கு நிகரான ஒரு நினைவும் இல்லை. இருப்பது மணல்தான். அதைத்தான் சொல்கிறான். தடுமாற்றமாகத்தான் சொல்வான், வேறு எப்படிச் சொல்வான்? கவிதையாகப் பேசியிருந்தால்தான் நான் நம்பியிருக்க மாட்டேன். ஹேடன் கிறிஸ்டென்சன் அந்த வரியை ஒரு பெடியன் சொல்கிற மாதிரி, பாதி வெட்கத்தோடும் பாதி முரட்டுத்தனத்தோடும் சொன்னது சரியான நடிப்பு.

இங்கு வந்து சேர்ந்த ஆரம்பத்தில், கூட வேலை செய்த பெண்கள் கோடை விடுமுறைக்கு முகாம் போய்க் கூடாரத்தில் படுத்ததைச் சொல்லிச் சொல்லிப் பூரிப்பார்கள். எனக்குக் கூடாரம் என்றால் வேறு. அவர்களோடு சேர்ந்து பூரிக்க வராது, சும்மா இருக்கவும் தெரியாது, எதையாவது சொல்லி வைப்பேன், மேசையில் ஒரு மௌனம் விழும். அனகின் மணலைச் சொன்னதும் நான் சிரிக்காததற்கு அதுவும் காரணம்.

அதோடு ஷ்மியை மறந்துவிடக் கூடாது. அடிமைகளை விடுவிக்க நான் இங்கே வரவில்லை என்று ஜெடாய் வீரர் குவை-கொன் அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே சொல்கிறார். பந்தயத்தில் மகனை மட்டும் வெல்கிறார். பிள்ளை பாதி வழியில் ஓடிவந்து, என்னால் முடியாது அம்மா என்கிறான். அவள், திரும்பிப் பாராதே என்று அனுப்பிவைக்கிறாள். கிளாலி நீரேரியை இரவில் வள்ளத்தில் கடக்கப் பிள்ளைகளை அனுப்பிய, ஏஜென்சிக்காரனை நம்பிப் பிள்ளைகளைக் கொழும்பிலிருந்து ஏற்றிவிட்ட தாய்மாருக்கு அந்த முகம் தெரியும். என் அம்மாவும் அவர்களில் ஒருவர். அவரை நாங்கள் பிறகு ஸ்பொன்சர் செய்து எடுத்துக்கொண்டோம். ஷ்மிக்காகப் பத்து வருடங்களில் ஜெடாய்களில் ஒருவராவது டாட்டூயின் பக்கம் போனதாகப் படம் காட்டவில்லை. அவ்வளவு பெரிய ஆலயம், அவ்வளவு ஞானிகள்! மகனுக்குத் தாயைப் பற்றிக் கெட்ட கனவு வந்தபோது, கனவுகள் காலப்போக்கில் போய்விடும் என்று அவனுடைய ஜெடாய் குரு ஒபி-வான் சொன்னார். அவன் போய்ச் சேர்ந்தபோது அவள் அவன் மடியில் உயிரை விட்டாள். அதன்பிறகு, அவளைக் கடத்தி வைத்திருந்த டஸ்கன் கூட்டத்தின் குடியிருப்பில் குழந்தைகள் உட்பட எல்லோரையும் அவன் வெட்டியதற்கு மன்னிப்பே கிடையாது. ஆனால் அந்த வெறி எங்கே விளைந்தது என்று கேட்பவர்களுக்குப் படம் பதில் வைத்திருக்கிறது. இந்தப் படங்களில் ஜெடாய்கள் உணர்ச்சியில்லாத மரக்கட்டைகள் போலிருக்கிறார்கள் என்பதும் ஒரு குறைதானே? அதுதான் அவர்கள் தோற்ற காரணம்.

மிடிகுளோரியன் பற்றி நீட்ட விருப்பமில்லை. ஜெடாய்களுக்கு ஆற்றல் தருகிற 'ஃபோர்ஸ்' என்ற புதிரை, இரத்தத்தில் நுண்ணுயிர் எண்ணுகிற பரிசோதனையாக்கிவிட்டார்கள் என்று கோபப்படுகிறார்கள். அந்த நுண்ணுயிர்கள் வழியாக ஃபோர்ஸின் விருப்பத்தைக் கேட்கலாம் என்றுதான் குவை-கொன் சொல்கிறார், அவைதான் ஃபோர்ஸ் என்று சொல்லவில்லை. புதிர் அப்படியே இருக்கிறது.

முன்கதைக்கு வெளியே ஒன்றே ஒன்று, 1983 இல் வந்த படத்தின் ஈவோக்குகள். கரடிப்பொம்மைகள் பேரரசின் படையைத் தோற்கடிப்பதாவது, பொம்மை விற்கச் செய்த வேலை என்பார்கள். பொம்மை விற்றது உண்மைதான். ஆனால் 1973 இல் லூகஸ் எழுதிவைத்த குறிப்புகளிலேயே வட வியட்நாம் போன்ற ஒரு சின்ன நாடும், அமெரிக்கா போன்ற ஒரு பேரரசும் இருக்கின்றன. பிற்காலத்தில் நேர்காணலிலும் வியட்கொங்கைச் சொல்லியிருக்கிறார். அந்தச் சண்டையில் குண்டு விழுந்து இரண்டு ஈவோக்குகள் சரிகிற இடம் ஒன்று உண்டு. ஒன்று எழும்பி மற்றதைத் தட்டிப் பார்க்கிறது, அது அசையவில்லை, முனகிக்கொண்டு பக்கத்திலேயே விழுந்துவிடுகிறது. பொம்மை விற்க மட்டும் எடுத்த படத்தில் அந்த இடம் எதற்கு?

என்னால் தாங்கிப் பேச முடியாத ஒன்றும் இருக்கிறது. 'ரிவெஞ்ச் ஆஃப் த சித்' முடிவில் பத்மே வாழும் விருப்பத்தை இழந்து இறந்துபோகிறாள் என்று மருத்துவ ரோபோ சொல்வது. அப்போதுதான் இரண்டு பிள்ளைகளைப் பெற்றவள், தன் கோளுக்காக முழந்தாளிட்டவள், அப்படிப் போகமாட்டாள். அதைவிட என்னைக் கோபப்படுத்துவது, அந்தப் படத்திலிருந்து வெட்டி எறிந்த காட்சிகள். பத்மே, பெயில் ஓர்கானா, மொன் மொத்மா முதலான செனட்டர்கள் இரகசியமாகக் கூடி, 2000 செனட்டர்களின் பெயரால் பால்பட்டீனிடம் மனுக் கொடுக்கிறார்கள். அவள் பேசிக்கொண்டிருக்கும்போது அனகின் பால்பட்டீனின் பக்கத்தில் நிற்கிறான். புரட்சி தொடங்குகிற இடமே அதுதான். அரசியல் கூடிவிட்டது என்று விமர்சித்த சத்தத்துக்குப் பிறகு வந்த படத்தில் அது இல்லாமல் போனது பெரிய இழப்பு. டிவிடியில் இருக்கிறது, தேடிப் பாருங்கள்.

அதில் மொன் மொத்மாவாக நடித்த ஜெனிவீவ் ஓ'ரைலியைத்தான் பிறகு 2022 இல் தொடங்கிய 'அன்டோர்' தொடரில் பார்த்தோம். 2025 இல் வந்த இரண்டாம் பருவத்தில், கோர்மன் என்ற கோளில் பேரரசு நடத்திய படுகொலைக்குப் பிறகு அவர் செனட்டில் எழுந்து அதை இனப்படுகொலை என்று பெயர் சொல்லி அழைக்கிற காட்சியை, ஸ்டார் வார்ஸில் வந்த மிகச் சிறந்த காட்சிகளில் ஒன்று என்று பலர் எழுதினார்கள். என் மகனும் எனக்கு அனுப்பினான், இந்த முறை பகிடி இல்லாமல். நானும் அந்தக் காட்சியை மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பார்த்தேன். அவர் எழுந்து நின்றது, 1999 இல் எல்லோரும் அலுப்பு என்று சொன்ன அதே செனட்டில்தான்.